பாட்டியின் பாட்டும் ஹாலிவுட் படமும்



திரைப்படத்தில் ஒரு பாட்டு வருகிறது. கதாநாயகனின் பெயர் நமக்குத் தெரியும். அவனுக்காகப் பின்னணி பாடியவரின் பெயரும் தெரியும். இசைத்தட்டின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். ஆனால் அந்த ஒற்றைக் குரலுக்குப் பின்னால் அலைபோல எழுந்து அடங்கும் கூட்டுக்குரல் இருக்கிறதே, கோரஸ் என்று சொல்கிறோமே, அதைப் பாடியவர்கள் யார்? அந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. அவர்களுக்கும் வீடு உண்டு, பசி உண்டு, சொந்தமாக ஒரு கதை உண்டு. அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அவர் பெயர் ஜெஸ்டர் ஹேர்ஸ்டன். ஹாலிவுட்டில் பேசும் படங்கள் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் ஒரு பாடகர் குழுவோடு அங்கே போய்ச் சேர்ந்த கறுப்பின மனிதர். நம் நேயர்கள் அவரைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நாம் எண்ணியதற்குக் காரணம் உண்டு. அவர் தோட்டத்துப் பாட்டாளிகளின் பேரப்பிள்ளை.

1901-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதி, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பெலூஸ் கிரீக் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். ஹேர்ஸ்டன் என்ற பெயர் அவருடைய முன்னோர் வைத்துக்கொண்ட பெயரன்று. வர்ஜீனியா, வட கரோலினா ஆகிய இரு மாநிலங்களிலும் பெரிய பெரிய தோட்டங்களை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பெயர் அது. அந்தத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களும் அதே பெயரால் அறியப்பட்டார்கள். விடுதலை வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அடிமை என்ற சொல்லைச் சற்று விளக்கியாக வேண்டும். நம் முன்னோர் கப்பலேறி வந்து, கங்காணியின் அதட்டலுக்கும் துரையின் கோபத்துக்கும் அஞ்சி, லயத்து வீட்டில் காலம் தள்ளியது உண்மை. அந்தத் துன்பத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆயினும் அடிமை முறை அதனினும் கொடியது. அங்கே மனிதனே விலைப்பொருள். தாய் ஒரு தோட்டத்துக்கும் பிள்ளை வேறொரு தோட்டத்துக்கும் விற்கப்படுவார்கள். பிறக்கும் குழந்தையும் முதலாளியின் சொத்துக் கணக்கில் ஏறும். 1865-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டின் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு அடிமை முறை முற்றாக ஒழிந்தது. ஜெஸ்டரின் தாத்தா பாட்டி அந்த அடிமை வாழ்வைக் கண்டவர்கள்.

ஜெஸ்டர் கைக்குழந்தையாக இருந்தபோதே அவருடைய தந்தை வேலையிடத்தில் ஏற்பட்ட விபத்தில் இறந்துபோனார். குடும்பம் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரை ஒட்டியுள்ள ஹோம்ஸ்டெட் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஊரின் பிழைப்பே அங்கிருந்த பெரிய உருக்காலைதான். தாய் வேலைக்குப் போனார். பிள்ளையைப் பாட்டி வளர்த்தார். மாலை நேரங்களில் பாட்டியும் அவருடைய வயதொத்த மூதாட்டிகளும் கூடி உட்கார்ந்து பழைய தோட்டத்துக் கதைகளைப் பேசுவார்கள். பேச்சு பாட்டாக மாறும். சிறுவன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பான். பிற்காலத்தில் அவர் செய்த காரியங்கள் அனைத்துக்கும் அந்தத் திண்ணைப் பாட்டுத்தான் மூலதனம்.

அவை எப்படிப்பட்ட பாட்டுகள்? ஆங்கிலத்தில் அவற்றை ஸ்பிரிச்சுவல் என்பார்கள். ஆன்மிகப் பாடல் என்று நாம் சொல்லலாம். ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார், கூட்டம் திருப்பிப் பாடும். நம் பஜனையில் முன்பாட்டும் பின்பாட்டும் இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பக்கவாத்தியம் கிடையாது. பல இடங்களில் அடிமைகள் பறை கொட்டுவதையே முதலாளிகள் தடை செய்திருந்தார்கள். முரசின் ஒலியில் கலகத்துக்குச் செய்தி போகும் என்ற அச்சம் அவர்களுக்கு. ஆகவே கைதட்டும் கால்மிதியும்தான் தாளம். சொற்கள் பைபிளிலிருந்து வந்தவை. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்களை மோசே மீட்டுக் கொண்டுபோன கதை அவர்களுக்கு வெறும் வேதக் கதையாக இருக்கவில்லை. ஆற்றைக் கடந்து அக்கரை சேர்வோம் என்று பாடினால், கேட்கும் துரைக்கு அது மோட்சம். பாடுகிறவர்களுள் பலருக்கோ, அடிமை முறை இல்லாத வட மாநிலம்.

விடுதலைக்குப் பிறகு ஒரு விந்தை நடந்தது. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866-இல் ஃபிஸ்க் என்ற கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. பணமில்லாமல் அது மூடும் நிலைக்கு வந்தபோது, 1871-இல் மாணவர்கள் சிலர் பாடகர் குழுவாக ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். தோட்டத்துப் பாடல்களை மேடையில் பாட அந்த மாணவர்கள் முதலில் தயங்கினார்கள். ஒன்று, அவை பெற்றோர் புனிதமாகக் காத்த பாடல்கள். இன்னொன்று, அவை மறந்துவிட வேண்டிய இருண்ட காலத்தின் அடையாளங்கள். வெட்கமும் பக்தியும் கலந்த தயக்கம் அது. படித்த பிள்ளைக்குத் தாத்தாவின் பாட்டுக் கூச்சத்தைத் தருவது எந்த நாட்டிலும் நடப்பதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. கடைசியில் பாடினார்கள். 1873-இல் விக்டோரியா மகாராணியின் முன்னிலையிலும் பாடினார்கள். வசூலான பணத்தில் கல்லூரிக்குப் பெரிய கட்டடமே எழுந்தது.

இனி, ஜெஸ்டரிடம் திரும்புவோம். 1920-இல் பள்ளிப் படிப்பை முடித்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். பூங்காக்களையும் தோப்புகளையும் திட்டமிட்டு அமைக்கும் கலை அவர் எடுத்துக்கொண்ட பாடம். கையில் காசு தீர்ந்தது, படிப்பும் நின்றது. ஆனால் அவருடைய குரலைக் கேட்டிருந்த ஒரு பெண்மணி, இந்தப் பையன் இசை படிக்க வேண்டியவன் என்று முடிவு கட்டிப் பண உதவி செய்ய முன்வந்தார். பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இசை படித்து 1929-இல் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் அப்பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய கறுப்பின மாணவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே.

1929 எப்படிப்பட்ட ஆண்டு? அவ்வாண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. உலகெங்கும் வேலையின்மை பரவியது. அந்த வேளையில் இசைப் பட்டத்தோடு நியூயார்க்குக்கு வந்த கறுப்பு இளைஞனுக்கு என்ன வேலை கிடைக்கும்? ஹால் ஜான்சன் என்பவர் நடத்திய பாடகர் குழுவில் இடம் கிடைத்தது.

ஹால் ஜான்சனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1888-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். வயலின் வாசிப்பவர். அவரும் அடிமையாக இருந்த பாட்டியிடமிருந்து தோட்டத்துப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர். அவற்றை மேல்நாட்டுச் சங்கீத மேடைக்கு ஏற்றபடி மெழுகிப் பூசிப் பாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்தில் எப்படி ஒலித்ததோ அப்படியே ஒலிக்க வேண்டும் என்று, 1925-இல் தாமே ஒரு குழுவை அமைத்தார். இந்த மனிதரிடம், பாஸ்டன் பக்கத்துப் படித்த ஆங்கிலத்தோடு ஜெஸ்டர் போய் நின்றால் எப்படி இருக்கும்! ஜெஸ்டரே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொன்ன செய்தி இது: குழுவில் மற்றவர்கள் எல்லோரும் தோட்டத்துக் கொச்சையில் பாடும்போது, இவர் ஒருவர் மட்டும் கல்லூரி உச்சரிப்பில் சொற்களை நீட்டுவார், ஆன்மிகப் பாடலில் இவ்விரண்டும் ஒட்டாது என்று ஜான்சன் கடிந்துகொள்வார். பாட்டியிடம் கேட்டதைப் பல்கலைக்கழகத்தில் மறந்து, மறுபடியும் ஒரு வாத்தியாரிடம் கற்க வேண்டியதாயிற்று. நன்றாகவே கற்றுக்கொண்டார். விரைவில் குழுவின் துணை நடத்துநர் ஆனார்.

அந்த ஆண்டுகளில் ஹாலிவுட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இப்போது பார்ப்போம். 1927-இல் 'ஜாஸ் சிங்கர்' வந்து பேசும் படத்துக்கு வழி திறந்தது. தொடக்கத்தில் பாட்டுக் காட்சி எடுப்பது பெரும்பாடு. நடிகர் கேமராவின் முன் நின்று உண்மையாகவே பாட வேண்டும்; கேமராவின் கண்ணுக்குப் படாமல் பக்கத்திலேயே வாத்தியக்காரர்கள் வாசிக்க வேண்டும்; கேமரா போடும் இரைச்சல் ஒலிவாங்கியில் விழாதபடி அதைப் பெட்டிக்குள் அடைத்து வைக்க வேண்டும். ஒருவர் பிசகினாலும் முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும். 1929-இல் 'பிராட்வே மெலடி' என்ற படத்தின் ஒரு நடனக் காட்சிக்கு வேறு வழி கண்டார்கள். பாட்டை முன்பே பதிவு செய்து வைத்துக்கொண்டு, படம் எடுக்கும்போது அதை ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப ஆடவைத்தார்கள். நாம் இன்று அறிந்திருக்கும் முறைக்கு அதுவே தொடக்கம்.

இந்த மாற்றம் வெறும் எந்திர விவகாரமன்று. குரலும் முகமும் தனித்தனியே பிரிந்துவிட்டன. பாடுகிறவர் ஒருவர், தோன்றுகிறவர் வேறொருவர் என்று ஆகிவிட்டது. பாடகர் குழுக்களுக்கு இதனால் வேலை பெருகியது. முகத்துக்கு மட்டும் வேலை இல்லை.

'கிரீன் பாஸ்ச்சர்ஸ்' என்ற நாடகம் 1930 முதல் நியூயார்க்கில் வெற்றியோடு நடந்து வந்தது. ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் பைபிள் கதைகளைத் தங்கள் ஊரிலேயே நடப்பதுபோல் கற்பனை செய்கிறார்கள். கடவுளும் தேவதூதர்களும் கறுப்பு மனிதர்களாக வருகிறார்கள். எழுதியவர் ஒரு வெள்ளையர். அதில் காட்சிக்குக் காட்சி பாடியது ஹால் ஜான்சன் குழு. வார்னர் நிறுவனம் அதைப் படமாக்கத் தீர்மானித்ததும், குழு ரயிலேறிக் கலிபோர்னியாவுக்குப் போயிற்று. ஜெஸ்டரும் போனார். 1936-இல் படம் வெளிவந்தது. சொர்க்கத்தில் மீன் பொரித்து விருந்து வைப்பதாகக் காட்டியதைச் சிலர் குழந்தைத்தனம் என்றார்கள். கறுப்பின மக்களை எளிமையானவர்கள் என்று கேலி செய்வதாகவும் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனாலும் பாட்டு வரும்போது படத்தின் தரமே வேறாகிவிடுகிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகளாகத் திண்ணையில் அடங்கிக் கிடந்த ஓசை, உலகத்துத் திரையரங்குகளில் எல்லாம் ஒலித்தது.

அதன் பிறகு குழு கலிபோர்னியாவிலேயே தங்கிவிட்டது. 1937-இல் 'லாஸ்ட் ஹொரைசன்' என்ற படம். இமயமலைக்கு அப்பால் மூப்பும் பிணியும் இல்லாத ஒரு பள்ளத்தாக்கு இருப்பதாகக் கதை. இசையமைத்தவர் உக்ரேனில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த திமித்ரி டியோம்கின். திரையில் லாமாக்களின் நாடு. பின்னணியில் எழும் கூட்டுக்குரலோ தெற்கத்திப் புகையிலைக் காட்டிலிருந்தும் பஞ்சுக் காட்டிலிருந்தும் வந்தவர்களின் வாரிசுகளுடைய குரல்! படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? 1941-இல் வால்ட் டிஸ்னியின் 'டம்போ'. காது பெருத்த யானைக்குட்டிக்குப் பறக்கத் துணிவு தரும் காக்கைக் கூட்டத்தின் பாட்டில் ஒலிப்பதும் ஹால் ஜான்சன் குழுதான். மலைநாட்டுத் துறவிகளாக ஒருமுறை, காக்கைகளாக ஒருமுறை. மனிதர்களாக, தங்கள் சொந்த முகத்தோடு, மதிப்பாக நிற்கும் வாய்ப்பு அரிது.

டியோம்கினோடு ஜெஸ்டருக்கு ஏற்பட்ட தொடர்பு மிகவும் பயன்பட்டது. பாடகர்களைத் திரட்டுவது, பாட்டைப் பல குரல்களுக்குப் பிரித்து எழுதுவது, ஒத்திகை பார்ப்பது, பதிவின்போது கையசைத்து நடத்துவது எல்லாம் அவர் பொறுப்பில் வந்தன. 1943-இல் சொந்தமாக ஒரு குழுவை அமைத்துக்கொண்டார். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒவ்வொரு நிமிடமும் காசு. இசைக்குறிப்புத் தாளைக் கையில் கொடுத்த உடனே பார்த்துப் பாடுகிறவர்தான் அங்கே நிலைக்க முடியும். பாட்டியிடம் கேட்ட ஞானம் மட்டும் இருந்திருந்தால் ஜெஸ்டர் வாசலோடு நின்றிருப்பார். படிப்பு மட்டும் இருந்திருந்தால் ஹால் ஜான்சனிடமே நிலைத்திருக்க மாட்டார். இரண்டும் இருந்தன.

ஆனால் கோரஸ் பாட்டு ஆண்டு முழுதும் கிடைக்கும் தொழிலன்று. ஆகவே நடிக்கவும் போனார். என்ன வேடங்கள்? டார்ஜான் படங்களில் ஈட்டி பிடித்த காட்டுவாசி. வீட்டு வேலைக்காரன். அடிமை. 'ஏமஸ் அண்ட் ஆண்டி' என்ற பெயர்போன நிகழ்ச்சியிலும் வந்தார். கறுப்பர்களைப் போலக் குரலை மாற்றி இரு வெள்ளையர்கள் 1928 முதல் வானொலியில் நடத்திய நகைச்சுவை அது. 1951-இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பு நடிகர்களே நடித்தார்கள். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. பிற்காலத்தில் இதைப் பற்றி இளைஞர்கள் கேட்டபோது ஜெஸ்டர் மழுப்பவில்லை. அன்று எங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை, கிடைத்ததை ஏற்றோம், நாங்கள் ஏற்று நின்றதால்தான் இன்றைய பிள்ளைகளுக்கு வாசல் திறந்தது என்ற கருத்தில் பதில் சொன்னார். இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். அவமதிப்பான வேடத்தை மறுத்து வெளியேறியவர்களால்தான் வாசல் திறந்தது என்பது அவர்கள் கட்சி. நாம் இருவர் பக்கத்தையும் கேட்டு வைத்துக்கொள்வோம். ஒன்று மட்டும் சொல்லலாம்: அடுப்பு எரிய வேண்டியவன் எடுக்கும் முடிவை, அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் வீட்டிலிருந்து எடைபோடுவது எளிது.

1960-இல் 'அலமோ' என்ற படத்தில் அவருக்கு ஜெத்ரோ என்ற அடிமை வேடம். எஜமான் விடுதலைச் சீட்டை எழுதிக் கொடுக்கிறான். அடிமையோ போக மறுத்து, எஜமானுக்காகவே உயிரை விடுகிறான். அடிமைகளின் பேரன் இந்தக் காட்சியில் நடித்தபோது மனதில் என்ன ஓடியிருக்குமோ!

இடையில் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. நண்பர் ஒருவரின் பிறந்தநாள் விருந்துக்காக ஜெஸ்டர் வேடிக்கையாக ஒரு கலிப்சோ மெட்டுக் கட்டினார். மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டத்து மக்கள் பாடி வளர்த்த துள்ளல் இசைதான் கலிப்சோ. பிறகு, ஒரு பாடகர் குழுவை நடத்தியவர் கிறிஸ்துமசுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்க, அதே மெட்டில் குழந்தை இயேசுவின் பிறப்பைப் பற்றிச் சொற்களை எழுதிக் கொடுத்தார். 'மேரீஸ் பாய் சைல்ட்' என்ற அந்தப் பாட்டை ஹாரி பெலஃபான்டே 1956-இல் இசைத்தட்டில் பாடினார். 1957-இல் பிரிட்டனில் முதலிடம். 1978-இல் போனி எம் குழுவினர் பாட, மறுபடியும் முதலிடம். டிசம்பர் மாதத்தில் கடைத்தெருவில் நடந்தால் காதில் விழும் அந்தப் பாட்டை நேயர்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

1963-இல் வந்தது 'லில்லீஸ் ஆஃப் த ஃபீல்ட்'. ஊர் ஊராகப் போய்க் கைவேலை செய்யும் ஒரு கறுப்பு இளைஞன், பாலைவனத்தில் வாழும் ஜெர்மன் மொழி பேசும் கன்னியாஸ்திரீகளுக்குக் கோயில் கட்டிக் கொடுப்பதாகக் கதை. அவன் அவர்களுக்கு ஒரு பாட்டுக் கற்றுக்கொடுக்கிறான். அவர்கள் 'ஆமென், ஆமென்' என்று திருப்பிப் பாட, அவன் நடுநடுவே இயேசுவின் கதையை அடி அடியாக எடுத்துக் கொடுக்கிறான். முன்பாட்டு, பின்பாட்டு, தோட்டத்துப் பாணி அப்படியே. பாட்டை அமைத்தவர் ஜெஸ்டர். இளைஞனாக நடித்தவர் சிட்னி பொய்ட்டியர். அவருக்குப் பாட வராது. ஆகவே திரையில் அவர் வாயசைக்க, ஒலித்தது அறுபது வயதைக் கடந்துவிட்ட ஜெஸ்டரின் குரல். 1964-இல் பொய்ட்டியருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பின ஆண் அவரே. பொய்ட்டியரின் நடிப்புக்கு அது தகும். நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தை நினைத்தவுடனே எல்லோருக்கும் நினைவு வருவது அந்தப் பாட்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதே காலத்தில் அமெரிக்க அரசு அவரை நல்லெண்ணத் தூதராக ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பியது. போன இடமெல்லாம் பள்ளிப் பிள்ளைகளையும் கல்லூரி மாணவர்களையும் கூட்டிவைத்துப் பாட்டுக் கற்றுக்கொடுத்தார். சும்மா கற்றுக்கொடுக்க மாட்டார். இந்த அடி ஏன் வந்தது, பஞ்சு மூட்டை சுமந்தவன் எதற்காக இப்படிப் பாடினான், எங்கே மூச்சு வாங்கினான் என்று கதை சொல்லிவிட்டுத்தான் பாடவைப்பார். பொருள் தெரியாமல் பாடினால் அது வெறும் சத்தம் என்பது அவர் கொள்கை. 1985-இல், எண்பத்து நான்கு வயதை எட்டும் நிலையில், பல இனத்தவரும் சேர்ந்த தம் குழுவைச் சீனாவுக்கு அழைத்துப் போனார். மறு ஆண்டில் தொலைக்காட்சியில் 'ஆமென்' என்ற பெயரிலேயே ஒரு நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. ஒரு கறுப்பினத் தேவாலயத்தைச் சுற்றி நடக்கும் கதை. அதில் ரோலி என்ற குறும்புக்காரக் கிழவராக 1991 வரை நடித்தார். ஐம்பது ஆண்டுகள் திரைக்குப் பின்னால் பாடியவரை அமெரிக்காவில் தெருவில் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டது இந்தக் கடைசிக் காலத்தில்தான்.

2000-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் தேதி, 98-ஆம் வயதில், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அவர் காலமானார். அவர் குறிப்பெடுத்துக் குரல் பிரித்து எழுதிவைத்த ஆன்மிகப் பாடல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அந்தத் தாள்களைப் பல நாட்டுப் பள்ளிகளும் தேவாலயங்களும் வாங்கிப் பாடுகின்றன. ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் ஹேர்ஸ்டன் என்ற பெயர் அச்சாகியிருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்து முதலாளியின் பெயராக இருந்தது அது.